அந்த நிரலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஹால்டிங் பிராப்ளம் நிரூபணத்தை உடைத்துவிட்டேன்' என்று வாசகர் ஒருவர் உங்கள் அறிவியல் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். அடுத்த வாரமே இன்னொருவர் அவரைக் கேலி செய்து எழுதியதையும் படித்தேன். இரண்டுமே உறுத்தின. முதலாமவர் சொன்ன விஷயம் தவறு, இரண்டாமவர் சொன்ன விதம் தவறு. நான் 31 ஆண்டுகள் கணினி நிரல் (புரோகிராம்) எழுதிப் பிழைத்தவன். பெரும்பாலும் சம்பளப் பட்டியல், மாத முடிவுக் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் 1994-இல் மூன்று மாதம் நானும் இதே நிரூபணத்தை உடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு திரிந்தேன். அதனால் முதலாமவர் மீது எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

விவாதத்தை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நிரலின் வரிகளையும் அதற்குத் தரப்போகும் உள்ளீட்டையும் பார்த்து, 'இது ஓடி முடிந்து நிற்கும்' அல்லது 'முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்' என்று எல்லா நிரல்களுக்கும் தப்பாமல் சொல்லும் ஒரு நடுவர் நிரலை எழுத முடியுமா? நடுவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என்றைக்காவது விடை வந்தாக வேண்டும், வந்த விடை சரியாக இருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்குப் பெயர்தான் ஹால்டிங் பிராப்ளம். விடை, முடியாது. அதற்கான காரணம் மிகச் சிறியது. நீங்கள் ஒரு நடுவரைக் கொண்டுவாருங்கள். அதை வயிற்றில் வைத்து நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அதற்கு 'முரண்டு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். முரண்டு தன்னுடைய வரிகளையே நடுவரிடம் நீட்டி, 'நான் நிற்பேனா?' என்று கேட்கும். 'நிற்பாய்' என்று நடுவர் சொன்னால் ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் முடிவில்லாத லூப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 'நிற்கமாட்டாய்' என்று சொன்னால் அந்தக் கணமே நின்றுவிடும். நடுவர் எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும்.

சரி, 1994-க்கு வருகிறேன். வேலை நேரம் போக மீதியில், ஆறே கட்டளைகள் கொண்ட ஒரு குட்டி மொழியை நானே உருவாக்கியிருந்தேன். அந்த மொழியில் எழுதிய நிரல் நிற்குமா என்று பார்க்க, சி மொழியில் சுமார் 400 வரிகளில் ஒரு நடுவரும் எழுதினேன். கொடுத்த நிரலை உள்ளுக்குள் ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்ப்பதுதான் அதன் வழி. முன்பு இருந்த அதே நிலைக்குத் திரும்பி வந்தால் 'நிற்காது' என்று சொல்லிவிடும். எண்ணிக்கொண்டே போகும் நிரல்களில் அது திணறியது தனிக் கதை, அதைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். என் குறியெல்லாம் முரண்டின் மேல்தான். அதற்காகக் குட்டி மொழியில் 'நடுவரைக் கேள்' என்று ஏழாவதாக ஒரு கட்டளையைச் சேர்த்தேன்.

முரண்டை என் நடுவர் ஓட்டிப் பார்க்கும்போது என்ன ஆகும்? முரண்டு நடுவரைக் கூப்பிடும், உள்ளே இருக்கும் நடுவர் மறுபடி முரண்டை ஓட்டிப் பார்க்கும், அந்த முரண்டு இன்னொரு நடுவரைக் கூப்பிடும். அடி இல்லாத கிணறு மாதிரி போய்க்கொண்டே இருக்கும். இதைக் கண்டுகொண்டால் ஓட்டத்தை அங்கேயே வெட்டிவிட்டு 'நிற்காது' என்று சொல்லும்படி நடுவருக்குக் கற்றுக்கொடுத்தேன். என் நியாயம் இதுதான்: நடுவர் வெட்டியிருக்காவிட்டால் அந்த ஓட்டம் முடிந்திருக்காது, அதனால் 'நிற்காது' என்ற தீர்ப்பு சரி. உங்கள் வாசகர் எழுதியிருப்பதும் ஏறக்குறைய வரிக்கு வரி இதேதான். படித்தபோது என் பழைய நோட்டுப் புத்தகத்தை யாரோ எடுத்து அச்சடித்துவிட்டது போலிருந்தது.

பக்கத்து மேஜையில் இருந்த சக ஊழியரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் அதிகம் பேசாத மனிதர். பிளாப்பியை வாங்கிக்கொண்டு போனார். பிற்பகலில் திருப்பிக் கொடுத்தபோது அதில் முரண்டு இருந்தது, மொத்தம் ஆறு வரி. 'ஓட்டிப் பாருங்கள்' என்றார். முதலில் நடுவரிடம் கேட்டேன். 'நிற்காது' என்று திரையில் வந்தது. அடுத்து முரண்டை நேராக ஓட்டினேன். எண்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் கர்சர் அடுத்த வரியில் வந்து கண் சிமிட்டியது. 'நின்றுவிட்டது' என்றார் அவர். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் விடுவேனா! 'நேராக ஓட்டிய முரண்டு வேறு, நடுவர் உள்ளே பார்த்த முரண்டு வேறு' என்று மூன்று மாதம் வாதாடினேன். ஒருநாள் அவர் இரண்டையும் அச்செடுத்து மேஜையில் அடுத்தடுத்து வைத்தார். ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை. நடுவர் வெட்டாவிட்டால் நிற்காது என்று நான் சொன்னது வேறொரு முரண்டுக்கு, அதாவது வெட்டவே தெரியாத நடுவரை வயிற்றில் வைத்திருக்கும் முரண்டுக்குப் பொருந்தும். அந்த நிரலின் வரிகள் வேறு. கேட்ட கேள்வி அதைப் பற்றியது அல்ல. மேஜை மேல் இருந்த காகிதத்தில் வெட்டத் தெரிந்த நடுவர் இருந்தது, அதனால் அந்த நிரல் நின்றது. ஒருவரைப் பற்றிக் கேட்டதற்கு நான் அவருடைய அண்ணனைப் பற்றிச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, 'பதில் சரிதானே' என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இதே தப்பை வேலையிலும் ஒருமுறை செய்திருக்கிறேன். மாத முடிவு இரவு ஒன்றில் ஒரு நிரல் நான்கு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. லூப்பில் மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, நிறுத்திவிட்டு, பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். மறுநாள் தொடாமல் விட்டுப் பார்த்தால் நான்கு மணி இருபது நிமிடத்தில் ஒழுங்காக முடிந்தது. பொறுமை போய்விட்டது என்பதை நிரலின் குணமாக எழுதிவைத்தவன் நான். வெட்டியவன் சொல்வதை வெட்டுப்பட்டதின் மேல் ஏற்றக்கூடாது என்று அன்றுதான் உறைத்தது.

உங்கள் வாசகர் இரண்டாவதாகச் சொல்வது கொஞ்சம் நயமானது. 'முரண்டைப் பற்றிய கேள்வியே செல்லாத கேள்வி. "நான் சொல்வது பொய்" என்ற வாக்கியம் மாதிரி, அதற்கு விடையே கிடையாது. விடை இல்லாத கேள்விக்கு விடை சொல்லவில்லை என்று நடுவரைக் குறை சொல்வது என்ன நியாயம்?' என்கிறார். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் இதிலிருந்து வெளியே வர நாளாயிற்று. ஆனால் என் பிளாப்பியில் இருந்த முரண்டைப் பாருங்கள். அது நின்றது, கண்ணால் பார்த்தேன். ஆகவே 'நிற்குமா?' என்ற கேள்விக்கு விடை இருந்தது, விடை 'நிற்கும்' என்பதுதான். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு 'நிற்கும்' என்று மட்டும் சொல்லும் ஒற்றை வரி நிரல் ஒன்றை எழுதிவைத்தால்கூட, என் 400 வரி நடுவர் தவறவிட்ட இடத்தில் அது சரியாகச் சொல்லிவிடும். முட்டாள் நடுவர்தான், வேறு இடத்தில் அதற்கும் ஒரு முரண்டு காத்திருக்கும். ஆனால் இந்த முரண்டிடம் அது ஏமாறாது. பொய்யன் வாக்கியத்துக்கு இப்படி யாரும் வெளியிலிருந்து வந்து விடை சொல்ல முடியாது. முரண்டு குழப்பமான கேள்வியே இல்லை, ஒரு குறிப்பிட்ட நடுவருக்கென்று அளவெடுத்துத் தைத்த கேள்வி. எந்த நடுவரைக் கொண்டுவந்தாலும் அதன் அளவுக்குத் தைக்க முடியும் என்பதில்தான் நிரூபணத்தின் உயிர் இருக்கிறது.

தன்னைத்தானே கேட்பது ஏமாற்று வேலை என்றும் சிலர் நினைக்கிறார்கள். அதில் ஒன்றுமில்லை. ஒரு நிரலின் வரிகள் கணினிக்கு வெறும் எழுத்துகள். நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் என்ற நிரலைச் சி மொழிக்காகச் சி மொழியிலேயே எழுதி, அதை அதனிடமே கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்கிறோம். அங்கே எழாத முரண்பாடு இங்கே மட்டும் எப்படி வரும்?

இந்தச் சங்கடத்தை, இந்த நிரூபணத்தின் மூலவரான ஆலன் டூரிங்கே முன்கூட்டி உணர்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1936-இல், 23 வயதில், அவர் அனுப்பிய ஆய்வுக் கட்டுரையில் நிற்பது பற்றிய பேச்சே இந்த வடிவில் கிடையாது. அவருடைய இயந்திரங்கள் எண்களின் இலக்கங்களை முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போக வேண்டியவை. போகிற இயந்திரம் நல்லது, நடுவில் மாட்டிக்கொள்வது கெட்டது. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. 'ஹால்டிங் பிராப்ளம்' என்ற பெயர் 1950-களில் மார்ட்டின் டேவிஸ் போன்ற கணித அறிஞர்கள் வழியாக வந்தது. அந்தக் கட்டுரையின் எட்டாவது பகுதியில் டூரிங் முதலில், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இடத்தில் மாறுபடும் புதிய ஒன்றைக் கட்டிக் காட்டும் மூலைவிட்ட வாதத்தைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, இது முழுக்கச் சரியானதுதான், ஆனால் படிப்பவருக்கு 'எங்கோ ஏதோ தப்பு இருக்கிறது' என்ற உணர்வு மிஞ்சக்கூடும் என்று தானே ஒப்புக்கொள்கிறார். அதற்காகவே வேறொரு நிரூபணமும் தருகிறார்.

அந்த இரண்டாவது நிரூபணத்தில் விடைக்கு எதிராகச் செய்யும் முரண்டே இல்லை. ஓர் இயந்திரம் மற்ற இயந்திரங்களை வரிசையாக எடுத்துப் பார்க்கிறது. ஒவ்வொன்றும் நல்லதா என்று நடுவரிடம் கேட்டு, நல்லதென்றால் அதைப் போலவே கொஞ்சதூரம் ஓட்டி, ஓர் இலக்கத்தை எடுத்துக்கொள்கிறது. போய்க்கொண்டே இருக்கும்போது வரிசையில் தன்னுடைய எண் வருகிறது. 'நீ கெட்டது' என்று நடுவர் சொல்ல முடியாது. நடுவர் எப்போதும் விடை சொல்பவர் என்பதால் இந்த இயந்திரம் எங்கும் மாட்டாமல் ஓடியாக வேண்டும். 'நீ நல்லது' என்று சொன்னாலோ, தன் அடுத்த இலக்கத்தை எழுதுவதற்கு அந்த இலக்கமே முதலில் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. அங்கேயே நின்றபடி தன்னைத் தானே தேடிக்கொண்டிருக்கும். நான் 1994-இல் கண்டுபிடித்ததாகப் பூரித்துப்போன அந்த அடி இல்லாத கிணறு 58 ஆண்டுகளுக்கு முன்பே அவர் கட்டுரையில் இருந்திருக்கிறது! அதில் விழுந்துகிடந்த எனக்கு மேலே எழுதியிருந்த பலகை கண்ணில் படவில்லை.

இன்றைக்குப் பாடங்களில் சொல்லும் முரண்டு வடிவத்துக்கு அழகான ஒரு முன்கதை உண்டு. கணினி அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1965-இல் 'த கம்ப்யூட்டர் ஜர்னல்' இதழுக்கு எழுதியது. இதுவும் ஆசிரியருக்குக் கடிதம்தான். 1953-இல் ஒரு மாநாட்டுக்கு ரயிலில் போகும்போது டூரிங் வாய்மொழியாக நிரூபணத்தைச் சொன்னார், நான் உடனே விவரங்களை மறந்துவிட்டேன் என்று வெட்கமில்லாமல் எழுதுகிறார். மறந்ததைத் தானே யோசித்துச் சில வரி நிரலாக எழுதிக் கொடுக்கிறார். டூரிங் வாயாலேயே கேட்டவருக்கும் அது நழுவிப் போயிருக்கிறது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அடுத்து, கேலி செய்த வாசகருக்கு. 'மேதைகள் நிரூபித்ததைச் சந்தேகப்படுவதே அதிகப்பிரசங்கித்தனம்' என்று எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால், எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாகாமல் நான்கே வண்ணங்களில் தீட்டலாம் என்ற நான்கு வண்ணக் கணக்குக்கு ஆல்ஃபிரட் கெம்பே 1879-இல் கொடுத்த நிரூபணம் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்க வேண்டும். 11 ஆண்டுகள் எல்லோரும் அதை ஒத்துக்கொண்டிருந்தார்கள். 1890-இல் ஹீவுட் அதிலிருந்த ஓட்டையைக் காட்டினார். ஆக, கேட்பதில் குற்றமில்லை. ஹீவுட் செய்தது போல, எந்த இடத்தில் எந்தப் படி தவறுகிறது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த நிரூபணத்தில் விரல் வைக்க இடமே மிகக் குறைவு. லீன், ஐசபெல் போன்ற நிரூபணம் சரிபார்க்கும் மென்பொருள்களில் ஒரு படி விடாமல் எழுதிச் சோதித்தும் இருக்கிறார்கள்.

உங்கள் முதல் வாசகர் ஓர் இடத்தில் மட்டும் முழுக்கச் சரி. உண்மையான கணினியின் நினைவகம் வரம்புள்ளது, அதனால் அதில் ஓடும் நிரல் நிற்குமா என்று கொள்கையளவில் கண்டுபிடித்துவிடலாம். நிலைகள் தீர்ந்துபோனால் ஏதோ ஒன்று திரும்ப வந்தே தீரும். ஆனால் ஒரே ஒரு கிலோபைட் நினைவகத்தை எடுத்துக்கொண்டால் அதில் 0 அல்லது 1 என்று இருக்கும் பிட்டுகள் 8,192. மொத்த நிலைகளின் எண்ணிக்கை 2,467 இலக்கம் கொண்ட ஓர் எண். எண்ணி முடிக்க யாரிடம் நேரம் இருக்கிறது! அது போக, தீர்ப்புச் சொல்பவருக்குத் தீர்ப்புக்கு உள்ளாகும் நிரலைவிடப் பெரிய இடம் வேண்டும். டூரிங் பேசியது, இயந்திரத்துக்கு நினைவகமாக இருக்கும் வரம்பில்லாத நாடாவைப் பற்றி. அந்த நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு 'தேற்றம் பொய்' என்றால் கேள்வியை மாற்றிவிட்டோம் என்று அர்த்தம்.

'நிற்கும்', 'நிற்காது' என்பவற்றோடு 'தெரியவில்லை' என்று மூன்றாவது விடையும் சொல்லலாமே என்கிறாரே, அதுவும் இதே ரகம்தான். ஆனால் மிகவும் உபயோகமான மாற்றம். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் 'டெர்மினேட்டர்' என்ற கருவி 2006 வாக்கில் இப்படித்தான் வந்தது. கணினியோடு இணைக்கும் சாதனங்களுக்கான டிரைவர் நிரல்கள் மாட்டிக்கொள்ளாமல் முடியும் என்பதற்கு நிரூபணம் தேடும், கிடைக்காவிட்டால் கையை விரித்துவிடும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், வெளியிலிருந்து வரும் நிரல்களை உள்ளே ஓட்ட இபிபிஎஃப் என்ற ஏற்பாடு இருக்கிறது. உள்ளே ஓட வரும் நிரல் முடியும் என்று சோதிக்கும் பகுதிக்குத் திருப்தி இல்லையென்றால் ஏற்றவே ஏற்றாது. ஒழுங்காக முடியக்கூடிய நிரல்கள் சில அநியாயமாகத் திருப்பி அனுப்பப்படும்தான். என்னுடைய மாத முடிவு நிரலும் அங்கே போயிருந்தால் திரும்பி வந்திருக்கும். இவர்கள் யாரும் தேற்றத்தை உடைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி வாசல் வைத்திருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிடும் என்று அவர் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி. அதுவும் ஒரு நிரல்தானே. விடை சொல்லட்டும், அதையும் முரண்டின் வயிற்றில் வைத்துவிடலாம்.

உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால்தான் இந்தத் தேற்றம் எவ்வளவு பெரிய கதவை மூடியிருக்கிறது என்று தெரிகிறது. 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையா என்பது 1742-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பிய கேள்வி. 4-க்குப் பின் 18 சுழிகள் போட்ட எண் வரைக்கும் சோதித்தாயிற்று, இன்னும் நிரூபணம் இல்லை. ஒத்துவராத இரட்டைப்படை எண் ஒன்றைத் தேடி, கண்டவுடன் நிற்கும் நிரலை நான் இருபது வரிகளில் எழுதிவிடுவேன். தவறாத நடுவர் இருந்தால் அதை ஒரே ஒரு முறை கேட்டால் போதும்: 'நிற்காது' என்றால் ஒத்துவராத எண் இல்லை, 'நிற்கும்' என்றால் இருக்கிறது.

அல்லது ஐந்தே உள்நிலைகளும், நாடாவில் எழுத இரண்டே குறிகளும் கொண்ட டூரிங் இயந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 லட்சம் கோடிக்கும் மேல் வரும். வெற்று நாடாவில் தொடங்கி, நிற்பவற்றில் அதிக நேரம் ஓடுவது எது என்பது 1962-இல் திபோர் ராடோ தொடங்கிவைத்த விளையாட்டு. 4,71,76,870 படிகள் ஓடிவிட்டு நிற்கும் ஒன்றை 1989-இல் மார்க்சனும் புன்ட்ராக்கும் கண்டுபிடித்தார்கள். அதைவிட நீளமாக ஓடி நிற்பது வேறெதுவும் இல்லை என்று உறுதியாக 2024 ஆயிற்று. உலகம் முழுவதிலும் இருந்து ஆர்வலர்கள் பலர் இணையத்தில் சேர்ந்து, ஒருவகை லூப்புக்கு ஒரு வழி, இன்னொரு வகைக்கு வேறு வழி என்று பிரித்துப் பிரித்துத் தீர்த்தார்கள். கடைசியில் மிஞ்சிய சிலவற்றுக்குத் தனித்தனியாக நிரூபணம் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நிலைகளை ஆறாக்கினால் இதுவரை யாராலும் முடிக்க முடியவில்லை.

உங்கள் வாசகருக்கு மனக்கசப்பு வேண்டாம். அவரோடு வாதாட நான் தயாராக இல்லை, மூன்று மாதம் வாதாடிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அவரிடம் நடுவர் நிரல் உண்மையிலேயே இருந்தால், அதை உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மொழியில் எழுதியிருந்தாலும் சரி, வெட்டிக்கொண்டாலும் சரி, வெட்டாமல் ஓட்டினாலும் சரி. கூப்பிட வேண்டிய பெயர் மட்டும் தெரிந்தால் போதும். விடை சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொள்ளும் என்றுகூடக் கேட்கமாட்டேன். ஆறேழு வரி சேர்த்து அதே வாரத்தில் திருப்பி அனுப்புகிறேன். முதலில் தன் நடுவரிடம் கேட்கட்டும், அப்புறம் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிரலாளர் ஒருவர்